காதம்மாவுக்குக் கேட்டது

எங்கள் கடைக்குக் காது மெஷின் வாங்க வருகிற பெரியவர்கள் யாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வரவேற்பு மேஜையில் நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் என் தலைக்கு மேலாக உள்ளறையை எட்டிப் பார்த்து, "காதம்மா இருக்காங்களா?" என்று கடையே அதிரக் கேட்பார்கள். காது கேட்காதவர்கள் கத்தித்தான் பேசுவார்கள், அதில் குற்றமில்லை. நான் சொன்ன வணக்கத்துக்குப் பதில் வராததில்தான் எனக்கு வருத்தம்.

காதம்மா என்பது அவர்களாக வைத்த பெயர். காதுக்குள் சின்னப் பஞ்சுருண்டை வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் ரோஸ் நிறப் பசையை மெதுவாக நிரப்பி, இறுகும்வரை அவர்கள் தோளில் ஒரு கையை வைத்தபடி நிற்பாள். வெளியே எடுத்தால் அந்தக் காதின் உட்புறம் அப்படியே அச்சாக வந்திருக்கும். அந்த அச்சுக்குத் தகுந்தபடி செய்து வருகிற மெஷின் உறுத்தாது, நழுவாது, விசில் அடிக்காது. வேறு கடையில் வாங்கியதை அலமாரியில் போட்டுவிட்டு இவளைத் தேடி வருகிறவர்கள் நிறைய.

அவள் திருநங்கை. கடையில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பேச்சாக்குவதில்லை. பேச்சாக்க முயன்ற ஒரு விற்பனைப் பிரதிநிதியை நானே வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். குடையை எடுக்கக்கூட விடவில்லை, வெளியே நல்ல மழை.

ஒருநாள், "இத்தனை வேலை இருக்க, இந்த வேலைக்கு எப்படி வந்தே?" என்று அவளிடம் கேட்டேன்.

"என் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்க்காத கூட்டம் இது ஒண்ணுதான்க்கா," என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய பயம் முழுக்கக் குரலில்தான் இருந்தது. முகத்தையோ நடையையோ பார்த்து யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. வாயைத் திறந்தால் கனத்த குரல். அதற்குப் பயந்து பஸ்ஸில் இறங்குமிடத்தைப் போனில் எழுதிக் காட்டுவாள். கடையிலும், புது மெஷினைக் காதில் மாட்டி ஆன் செய்ததும் வாயை மூடிக்கொள்வாள். அதற்குப் பிறகு பேசுவது என் வேலை. "நல்லா கேக்குதாப்பா?" என்று நான் கேட்பேன். பல வருஷம் கழித்து அவர்கள் தெளிவாகக் கேட்கிற முதல் குரல் என்னுடையதாகிவிடும். உழைத்தது ஒருத்தி, கண்ணீரோடு கும்பிடு வாங்குவது இன்னொருத்தி. எனக்கே அது அநியாயமாகப் படும்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு துணை வேண்டும் என்று ஆசை வந்தது. ஏன் வரக்கூடாது? என் வீட்டுக்காரர் மாதிரி ஆட்களுக்கே கல்யாணம் ஆகியிருக்கிறது.

போனில் ஜோடி தேடுகிற செயலிகளை அவள் முன்பே பார்த்திருந்தாள். அங்கே வருகிறவர்களுக்கு வணக்கம் என்ற வார்த்தையே தெரியாது. முதல் செய்தியே "ஆபரேஷன் ஆச்சா?" என்றுதான் இருக்கும். அடுத்தது, "யாருக்கும் தெரியாம வருவியா?" இவள் பதில் எழுதாமல் அழித்துக்கொண்டே இருப்பாள். பிறகு யாரோ சொல்லிப் புதிதாக ஒன்றில் சேர்ந்தாள். திருநங்கைகளுக்கும் அவர்களோடு வாழ விரும்புகிறவர்களுக்கும் என்றே நடத்துவது. உடம்பைப் பற்றிக் கேட்கக் கூடாது, படம் கேட்டு நச்சரிக்கக் கூடாது, மீறினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். எல்லாம் சரிதான். ஆனால், துணை தேடிச் சேருகிற ஆண்களுக்குத் தமிழில் "ரசிகர்" என்று போட்டிருந்தார்கள்.

"ரசிகராம்க்கா! நான் என்ன சினிமாவுலயா நடிக்கிறேன்?" என்று உள்ளறையிலிருந்து ஓடி வந்து காட்டினாள். அன்றைக்கெல்லாம் அவளுக்குத் தேநீர் கொடுக்கும்போது, "தலைவி, உங்கள் ரசிகை கொண்டுவந்திருக்கிறேன்" என்று குனிந்து கொடுத்தேன்.

அந்தச் செயலியில்தான் லிஃப்ட்காரர் வந்தார். தன்னைப் பற்றிய பகுதியில் அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "ரசிகன் இல்லை. லிஃப்ட் மெக்கானிக். திருநங்கை ஒருவரைத் திருமணம் செய்து வாழ விருப்பம். அக்காவுக்குத் தெரியும்." காதம்மா அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வீட்டில் ஓர் ஆளுக்குத் தெரியும் என்று சொல்கிற ஆணை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

பல மாதம் எழுத்திலேயே பழகினார்கள். அந்த மனிதர் எழுதுவது பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கும். "நேற்று வீட்டிற்குத் தாமதமாகச் சென்றேன். அக்கா கடிந்துகொண்டார்கள்." கடிந்துகொண்டார்களாம்! திருகு கழற்றுகிறவர் எழுதுகிற எழுத்தா இது என்று நான் கிண்டல் செய்தால், "மரியாதைக்கு அப்படி எழுதறார், உங்களுக்கு என்ன?" என்று சண்டைக்கு வருவாள். ஒரே ஒரு முறை, தொலைபேசியில் பேசலாமா என்று கேட்டிருக்கிறார். இவள் "இப்போது வேண்டாம்" என்று எழுதினாள். "உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது" என்று பதில் வந்தது. அதோடு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆக, இவள் குரலை அவர் கேட்டதில்லை. அவர் குரலை இவளும் கேட்டதில்லை.

நேரில் பார்க்கலாம் என்று முடிவானபோதுதான் எனக்கு அந்தப் பழைய விஷயத்தைச் சொன்னாள். அச்செடுக்கிற பசையைக் குழைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

முன்பு வேறொரு செயலியில் பழகிய ஒருவன் பூங்காவுக்கு வரச் சொல்லியிருக்கிறான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் இவளைக் கண்டதும் போனைக் காதில் வைத்து, "டேய், அது வந்துடுச்சு" என்றான். நிறுத்தியிருந்த வண்டியிலிருந்து அவன் கூட்டாளிகள் இறங்கினார்கள். சுற்றி நின்றுகொண்டு போனில் படம் பிடித்தார்கள். "பேசு, பேசு, குரலைக் கேக்கணும்" என்றார்கள். இவள் பேசாததால் பையைப் பிடுங்கி எறிந்தார்கள். கடைசியில் அழுதுகொண்டே "விட்டுடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு வார்த்தை போன் போனாகச் சுற்றியது. அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒருவன் அதைப் போட்டுக் காட்டிச் சிரித்தான். மறுநாள் அவள் அங்கே போகவில்லை.

"மனுஷியைப் போய் அதுன்னு சொன்னான்க்கா. நாய் வந்துடுச்சு, பூனை வந்துடுச்சுன்னு சொல்ற மாதிரி." பசை கிண்ணத்திலேயே இறுகிப் போயிருந்தது. அவள் பார்க்கவில்லை. "இவரைப் பாக்கறேன். இவரும் அப்படின்னா இதுதான் கடைசி. அப்புறம் யாரையும் நம்ப எனக்குத் தெம்பு கிடையாது."

"நானும் வர்றேன்," என்றேன்.

"நீங்க எதுக்கு?"

"காப்பி குடிக்க."

பெரிய வீராங்கனை மாதிரி சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்குக் காலையிலிருந்து எனக்கு ஒரே யோசனை. ஆட்கள் இறங்கி வந்தால் நான் என்ன செய்வேன்? எனக்கு மூட்டுவலி. கத்தத்தான் தெரியும்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கண்ணாடி முகப்புள்ள காப்பிக் கடையில், மதிய நேரத்தில், கூட்டம் இருக்கும்போது என்று ஏற்பாடு. நான் முன்னதாகவே போய் உட்கார்ந்தேன். அந்த ஆள் எனக்கு முன்பே வந்திருந்தார். நீலச் சட்டை, நாற்காலிக்கடியில் கருவிப் பை, நாற்பதை ஒட்டிய வயது. அடுத்த மேஜையில் இடம் பிடித்து மெனு அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் போனைக் காதில் வைத்திருந்தார். யாரோ பேச, வெறுமனே "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். காலைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தார். தப்பு செய்யப்போகிறவனுக்குத்தான் இப்படிக் கால் நிற்காது என்று எனக்குத் தோன்றியது.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு காதம்மா வந்தாள். இஸ்திரி போட்ட பச்சைப் புடவை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

அந்த ஆள் அவளைப் பார்த்துவிட்டார். பாதி எழுந்தார். போனுக்குள் சொன்னார்: "ம்… அது வந்துடுச்சு. வாசல்ல நிக்குது. வச்சுடாத, லைன்லயே இரு."

அட்டை கையிலிருந்து நழுவியது. காப்பி அரைக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, நாலு பேர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இருந்தாலும் அவளுக்குக் கேட்டுவிட்டது என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. மற்றவர்களின் காதைச் சோதித்தே பழகியவள், சின்னச் சத்தம்கூட அவளுக்குத் தப்பாது. திரும்பி வெளியே போகப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே ஆண்கள். கதவு சரக்கென்று திறந்தது. காதம்மா என் மேஜையை இடித்துக்கொண்டு கடைக்குள்ளேயே ஓடினாள். பின்பக்கம் இருந்த கழிப்பறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

என் போனில் செய்தி வந்தது. "வேன்ல எத்தன பேர் அக்கா".

பதில் எழுத வரவில்லை. வேனிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்தேன். ரொட்டி அடுக்கிய தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக்காரர்கள்தானா, அப்படி நடிக்கிறார்களா என்று அப்போதும் சந்தேகம்தான். பயம் வந்தால் ரொட்டியைக்கூட நம்பத் தோன்றாது.

பயத்தை எனக்குக் கோபமாகத்தான் காட்டத் தெரியும். எழுந்துபோய் அந்த ஆளுக்கு முன்னால் நின்றேன்.

"லைன்ல யாரு?"

அவர் வெலவெலத்துப் போனார். "நீங்க யாருங்க?"

"அவளோட அக்கா. லைன்ல யாருன்னு கேட்டேன்."

"எங்கக்காதாங்க."

"உங்கக்கா எதுக்கு லைன்லயே இருக்கணும்? வேன்ல வந்தவங்க யாரு?"

"எந்த வேன்?" என்று திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயமா இருந்துச்சுங்க. இந்த மாதிரி வரச்சொல்லி, அடிச்சு போனைப் புடுங்கறாங்கன்னு வேலை செய்யற இடத்துல சொன்னாங்க. அக்காதான், லைன்லயே இரு, ஏதாவதுன்னா நான் கத்தறேன்னு சொல்லுச்சு."

சொல்லுச்சு. அது என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. "என்ன சொன்னீங்க போன்ல? அது வந்துடுச்சா? வந்தது என்ன ஆடா, மாடா?"

அவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை. "ஆமா, வந்துடுச்சுன்னு சொன்னேன். ஏங்க, அது ஏன் உள்ள போயிடுச்சு? நான் ஏதாவது…"

விரல் பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது போலிருக்கிறது, அவர் கையிலிருந்த போனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கடை முழுக்கக் கேட்கும்படி அலறியது. "டேய், என்னடா சத்தம்? பொண்ணு வந்துச்சா, போயிடுச்சா? அம்மா வேற பக்கத்துல நிக்குது, என்னன்னு கேக்குது!"

"அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதக்கா, அது பயந்துக்கும்," என்றார் இவர்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அம்மாவும் அது, அக்காவும் அது. இந்த வீட்டில் பாசத்துக்குரிய எல்லாருமே அதுதான். மாட்டை அது என்கிறோம், மடியில் கிடக்கிற குழந்தையையும் அது என்கிறோம். அடிக்கக் கை ஓங்குகிறவன் சொல்கிற வார்த்தையும், சோறு ஊட்டுகிறவள் சொல்கிற வார்த்தையும் ஒன்றாகவே இருக்கிறது. சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். காதம்மா முகத்தைப் பார்க்கவில்லை, அவளுக்குக் காது மட்டும்தான் கேட்டது. பாழாய்ப் போன மரியாதைக்கு இந்த மனிதர் அக்கா கடிந்துகொண்டார்கள் என்று எழுதாமல், அக்கா திட்டுச்சு என்று ஒரு தடவை எழுதித் தொலைத்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

அவரை உட்காரவைத்துப் பூங்காவில் நடந்ததைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிப் போனது. "அதே வார்த்தையா?" என்று கேட்டார். "அதே வார்த்தை," என்றேன்.

அதற்குள் கடைக்காரர் வந்துவிட்டார். "உள்ள யாரும்மா? தட்டினா பதிலே இல்ல. கதவை ஒடைக்கட்டுமா?" என்று சத்தம் போட்டார். நாலு பேர் திரும்பினார்கள். மூலை மேஜையில் ஒருவர் வேடிக்கை பார்க்கிற ஆர்வத்தில் போனைத் தூக்கிப் பிடித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. கதவு உடைந்து, அவள் அழுதுகொண்டே வெளியே வந்து, அது மறுபடியும் ஒரு படமாகப் போன் போனாகச் சுற்றினால் அவள் அவ்வளவுதான். நேராக அவரிடம் போனேன்.

"போனைக் கீழ வைக்கறீங்களா, இல்ல உங்க காப்பிக்குள்ள போடட்டுமா?"

வைத்துவிட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

லிஃப்ட்காரர் எழுந்து கடைக்காரருக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவே போய் நின்றார். "ஒடைக்காதீங்க. தட்டவும் வேணாம். தட்டினா உள்ள இருக்கறவங்களுக்கு இன்னும் பயம்தான் வரும்," என்றார். அதுவரை தடுமாறிக்கொண்டிருந்த குரல் நிதானத்துக்கு வந்திருந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் தினமும் செய்கிற வேலை அல்லவா! பிறகு கதவுக்குக் கொஞ்சம் தள்ளி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் தரையில்தான் உட்கார்ந்திருப்பார்களாம், மேலேயிருந்து வருகிற குரல் அவர்களை அதட்டுகிற மாதிரி கேட்குமாம். இது எனக்குப் பின்னால் தெரிந்தது.

"நான் லிஃப்ட்காரன் பேசறேன்," என்றார். "கதவைத் தொட மாட்டேன். வெளிய என்ன இருக்குன்னு மட்டும் சொல்றேன். உங்க அக்கா நிக்கறாங்க. கடைக்காரர் நிக்கறார். வேன்ல ரொட்டி இறக்கிட்டு இருக்காங்க, வேற யாரும் இல்ல. நான் தனியாத்தான் வந்தேன்."

உள்ளே சத்தம் இல்லை.

"நான் அதுன்னு சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்கு. எங்க வீட்ல வேண்டியவங்களை அப்படித்தான் சொல்லுவோம். உங்களுக்கு அது எப்படிக் கேக்கும்னு இப்ப இவங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. தப்புதான். முதல் தடவை பாக்கறதுக்குள்ள வேண்டியவங்கன்னு நானா முடிவு பண்ணினதும் தப்பு."

அப்போதும் சத்தம் இல்லை. உள்ளே மயங்கி விழுந்துவிட்டாளோ? செய்தி அனுப்பினேன், பார்த்ததாகக் காட்டவில்லை.

அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார். "என்கிட்ட இருக்கறது இந்த ஒரு போன்தான். உள்ள தள்ளறேன். நீங்களே வச்சுக்கங்க. யாரும் படம் எடுக்க முடியாது. வெளிய வந்து என்னைப் பாக்கணும்னு இல்ல. நான் எதிர்ல பஸ் ஸ்டாப்புக்குப் போயிடறேன். நீங்க வீட்டுக்குப் போனதும் போனை இவங்ககிட்ட குடுத்தா போதும்." குனிந்து, கதவுக்கடியில் இருந்த இடைவெளியில் போனைத் தள்ளினார். சிமெண்டுத் தரையில் அது உரசிக்கொண்டே போகிற சத்தம் கேட்டது. அவசரத்தில் அவரும் மறந்துபோனார், நானும் மறந்துபோனேன். லைனில் அவருடைய அக்கா அப்படியே இருந்தாள்.

அவர் எழுந்து கருவிப் பையைத் தோளில் மாட்டினார். இரண்டாம் தடவைதான் கை வாருக்குள் நுழைந்தது. எனக்கு அவரைத் தடுக்க வேண்டும் போலவும் இருந்தது, போகட்டும் என்றும் இருந்தது. உள்ளே இருப்பவளுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் அந்த மதியத்திலேயே எனக்குப் பெரிய பயம்.

அப்போது கழிப்பறைக்குள்ளிருந்து, நாலு சுவரிலும் மோதிக்கொண்டு, அந்த அக்காவின் குரல் வந்தது. "டேய்! ஏன்டா ஒரு சத்தமும் காணோம்? பொண்ணு பேசுச்சா இல்லையாடா? சொல்லேன்டா, பேசுச்சா?"

பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"அக்கா." கனத்த குரல், நடுங்கியது. "பேசுச்சான்னு கேக்காதீங்கக்கா. பேசினாளான்னு கேளுங்க."

லிஃப்ட்காரர் பையோடு அப்படியே நின்றார். அந்தக் குரலை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. எத்தனையோ முகங்கள் அந்தக் குரலுக்குக் கோணியதை நான் பார்த்திருக்கிறேன். மனதைக் கல்லாக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். முகம் கோணவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்துச் சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

போனுக்குள் அந்த அக்காவின் குரல் தணிந்து வந்தது. அதட்டல் எல்லாம் எங்கோ போயிருந்தது.

"சரிம்மா," என்றாள். "பேசினாளா?"

"பேசினா," என்றாள் காதம்மா. கடை முழுக்கக் கேட்டது.